‘ஆசிரியர்’ என்று தேடினால் ஏன் கிடைக்கவில்லை?

எங்கள் தெருவில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸ். டேலி, எம்.எஸ். ஆபீஸ், போட்டோஷாப், கடைசி வரியில் புதிதாக ஏஐ. மூன்று மாதம், சான்றிதழ் உண்டு.

“அத்தை, நீங்க முப்பது வருஷமா கம்ப்யூட்டர்லயே வேலை பாக்குறீங்க. எதைப் படிச்சா இது மறக்காம கடைசி வரைக்கும் கூட வரும்?”

நல்ல கேள்வி. ஆனால் அன்றைக்கு எனக்கு வாயில் பதில் வரவில்லை. யோசிச்சு சொல்றேன் என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஒரு பள்ளிக்கூடத்து நூற்றாண்டு மலர் ஞாபகம் வந்தது. அவள் கேட்டதற்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது. அதைச் சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 1990-ல். அப்போது மதுரையில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு மாடியிலிருந்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சத்தம் கேட்கும். தமிழ் லோயர், தமிழ் ஹையர் இரண்டும் பாஸ் பண்ணினேன். யளனகபக, யளனகபக என்று மாதக்கணக்கில் அடித்து, கண்ணை மூடிக்கொண்டும் அடிக்கலாம் என்கிற அளவுக்கு விரல் பழகிவிட்டது. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் சாவிக்குள் அடக்கிய பலகை அது. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அதற்காக எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் காலத்து டைப்ரைட்டர் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லி வைக்கிறேன். பழைய அச்சில் ‘ர்’ என்ற எழுத்துக்குக் கீழே சாய்ந்து இறங்கும் கோடு இருக்காது. துணைக்காலின் தலையில் புள்ளி வைத்தது போலத்தான் இருக்கும். அதனால் ‘ர்’ வேண்டும் என்றால் துணைக்கால் சாவியையும் புள்ளிச் சாவியையும் சேர்த்து அடிப்போம். தாளில் பார்த்தால் யாராலும் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், என் விரலும் அப்படியே பழகியது.

1995-ல் சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலைக்கு, அதாவது கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கோக்கிற வேலைக்கு, சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் கம்போஸ் பண்ணி, பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் அடுத்த அறையில் பிளேட் போடுவார்கள். தமிழ் எழுத்துருவை ஒரு கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். கம்ப்யூட்டரின் முதுகில் சின்னதாக ஒரு டாங்கிள் செருகியிருந்தால்தான் அது வேலை செய்யும். நான் ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். இதைச் செய்ய இந்த மெனு, அப்புறம் இது, அப்புறம் ஓகே. இரண்டே வருஷத்தில் அந்தத் தெருவிலேயே வேகமாக அடிக்கிறவள் என்று பெயர் வாங்கினேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்பினேன்.

2000-ல் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் வந்தது. நன்கொடையாளர் பட்டியலை மட்டும் ஃப்ளாப்பியில் போட்டுக் கேட்டார்கள், கொடுத்தோம். மறுநாள் சென்னையிலிருந்து போன். “பூரா இங்கிலீஷ் எழுத்தா இருக்கு, ஒரு பேரையும் படிக்க முடியலை.” நான் திரும்பத் திரும்ப ஃபைலைத் திறந்து பார்க்கிறேன், எங்கள் திரையில் அழகான தமிழாக இருக்கிறது. நோட்டைப் புரட்டினேன். இப்படி ஆனால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

தொலைபேசித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், தன் புத்தகத்துக்குப் புரூஃப் பார்க்க அன்றைக்கு வந்திருந்தார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏம்மா, இந்த மெஷினுக்குத் தமிழ் தெரியும்னு யாரு சொன்னா?” என்றார். வீணான பட்டர் பேப்பர் ஒன்றை எடுத்து அதன் பின்புறம் ஐந்து எண்களை எழுதினார்.

106, 107, 112, 111, 59.

“நீ ‘தமிழ்’னு அடிச்சா உள்ள இருக்கிறது இதுதான். ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டி விட்டிருக்காங்க. முகமூடிதான் ஃபாண்ட். அது இல்லாத மெஷின்ல திறந்தா சொந்த முகம் தெரியும்.”

அப்புறம் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டினார். நான் அடித்த நன்கொடையாளர் எல்லோரும் ஜே, கே, பி என்று நின்றார்கள். ஐந்து வருஷமாக நான் தமிழே அடிக்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. தமிழைப் போலத் தெரிகிற ஒன்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதிய அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு என்னிடம் ஒட்டிக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கண்ணுக்கு இப்படித் தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது? பழைய நோட்டை மூடிவிட்டு வேறொன்று போட்டேன். இடது பக்கம் என்ன நடந்தது, வலது பக்கம் ஏன் நடந்தது. வலது பக்கம் பல நாள் வெறுமையாகக் கிடக்கும். பரவாயில்லை, வருஷம் கழித்துக்கூட நிரப்பியிருக்கிறேன்.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைப் பற்றியெல்லாம் இதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததுதான். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்களும் அப்படியே. ஒவ்வொரு கம்பெனியும் ஆளுக்கொரு எண் வரிசை வைத்திருந்ததால், ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க முடியாமல் தமிழ் அன்றைக்குத் துண்டு துண்டாகக் கிடந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியலான யூனிகோடோ 1991-லேயே தமிழுக்கு என்று 128 இடங்களை ஒதுக்கி வைத்திருந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது லதா எழுத்துருவும் கூட வந்தது. எங்கள் தெரு அச்சகங்களில் பலர் யூனிகோட் என்றாலே பயந்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை. ‘தமிழ்’ என்றால் இனிமேல் 2980, 2990, 3007, 2996, 3021, அவ்வளவுதானே? எண் மாறுகிறது. ஆனால் இந்த எண்கள் உலகம் முழுக்க ஒன்றே, ஆங்கிலத்தின் இடத்தைத் திருடாத எண்கள். இதைவிட நல்ல சேதி என்ன இருக்க முடியும்? யூனிகோடில் தமிழ் அடிக்க உதவும் ஈ-கலப்பை என்ற மென்பொருளைப் போட்டேன், அப்புறம் அதே வேலைக்கு என்ஹெச்எம் ரைட்டர். விரலுக்குப் பழகிய டைப்ரைட்டர் வரிசையை மட்டும் விடவில்லை. மேலே பழைய பலகை, கீழே புதிய எண்கள்.

சரி, இப்போது அந்த நூற்றாண்டு மலர்.

2012-ல் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது. 280 பக்க மலர், கிட்டத்தட்ட முழுவதும் யூனிகோடில் நான் அடித்தது. அச்சிட்ட புத்தகம் போக, பழைய மாணவர்கள் கம்ப்யூட்டரில் தேடிப் படிக்கட்டும் என்று ஃபைலையும் கேட்டிருந்தார்கள். கொடுத்து ஒரு வாரம் கழித்து, மலர்க் குழுவில் இருந்த பழைய தலைமையாசிரியர் போன் செய்தார்.

“ஏம்மா, ‘ஆசிரியர்’னு தேடுனா ஏழு எடத்துலதான் காட்டுது. புத்தகம் பூரா ஆசிரியர்தானே?”

நானும் தேடினேன். ஏழுதான். அந்த ஏழும் ஒரே கட்டுரையில். அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தானே அடித்து மின்னஞ்சலில் அனுப்பிய கட்டுரை அது. நான் அடித்த பக்கங்களில் ‘ஆசிரியர்’ கண்ணுக்கு முன்னால் வரிக்கு வரி நிற்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது.

கர்சரை ஓர் ஆசிரியரின் கடைசியில் வைத்து பேக்ஸ்பேஸ் ஒரு தடவை தட்டினேன். புள்ளி போனது. மிச்சம் ‘ஆசிரியர’ என்று நின்றிருக்க வேண்டும். நின்றது ‘ஆசிரியா’.

கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரல், இன்னும் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து ‘ர்’ அடித்துக்கொண்டிருந்தது. தாளுக்கு அது போதும். உள்ளே பார்த்தால் ர என்பது 2992, துணைக்கால் என்பது 3006. இயந்திரத்துக்கு இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு ஆட்கள். நான் அடித்தது ‘ஆசிரியா்’, அவர் தேடியது ‘ஆசிரியர்’. நீங்கள் இதைத் திரையில் படிப்பதால், இந்தப் பதிவிலேயே ‘ஆசிரியர்’ என்று தேடிப் பாருங்கள். முந்தைய வரியில் இரண்டில் ஒன்றுதான் மாட்டும்.

கண்ணுக்குத் தெரிவது வேறு, உள்ளே இருப்பது வேறு என்று பன்னிரண்டு வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நானே செய்த தப்பு இது. அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. வகுப்பு எடுத்தவர்கள், நிலம் கொடுத்தவர்கள், மதிய உணவு சமைத்தவர்கள் என்று எத்தனையோ ‘ர்’-இல் முடிகிற பெயர்கள் அதில் இருந்தன. பேரப்பிள்ளை தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

திருத்துவதற்கு முன்னால் ஒரு நாள் யோசித்தேன். எல்லா ‘ா்’-ஐயும் ஒரே அடியாக ‘ர்’ என்று மாற்றலாமா? எங்காவது ஒரு நல்ல சொல்லைக் கெடுத்துவிடுமா? இதற்குப் பதில் எந்த மெனுவிலும் கிடையாது, இலக்கணத்தில் இருக்கிறது. துணைக்கால் உயிர்மெய்யின் பகுதி, புள்ளி மெய்யின் அடையாளம். ஒரே எழுத்து உயிர்மெய்யாகவும் தனி மெய்யாகவும் இருக்க முடியாது. ஆகவே துணைக்கால் மேல் புள்ளி என்பது தமிழில் எங்கேயும் முறையாக வர வழியே இல்லை. முதலில் ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மாற்றினேன். நாலாயிரத்துச் சொச்சம் இடம். ஒரு சொல்லும் கெடவில்லை.

அந்தத் தைரியத்தில் ‘ஔ’-வையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பலர் ‘ஔவையார்’ என்பதை ஒ-வும் ள-வும் அடித்து ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுவோம், திரையில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் இங்கே ஒரே அடியாக மாற்றினால் போச்சு. ‘ஒளி’, ‘ஒளிந்தான்’ எல்லாவற்றிலும் உண்மையான ஒ-வும் ள-வும் இருக்கின்றனவே. ஔவைக்காக ஒளியை அணைத்த மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன். முதல் வேலை அரை மணி நேரம், இரண்டாவது ஒரு முழுச் சாயங்காலம். மாற்றுகிற பட்டன் இரண்டுக்கும் ஒன்றேதான். எங்கே கண்ணை மூடி அமுக்கலாம், எங்கே கூடாது என்பது பட்டனைப் பற்றிய அறிவே இல்லை.

இன்றைக்கும் செய்தித் தளங்களில், அறிவிப்புகளில் ‘அவா்கள்’, ‘முதல்வா்’ என்று நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு பழைய டைப்பிஸ்ட் விரல் தெரிகிறது. அவர்கள்மேல் கோபம் இல்லை. யாராவது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே என்றுதான் இருக்கிறது.

என் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு தகவல் சொன்னாள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் நியமித்த குழு ஒன்று, லாரன்ஸ் ஸ்னைடர் என்ற பேராசிரியர் தலைமையில், ஒரு மனிதர் தகவல் தொழில்நுட்பத்தில் சரளமாக இருக்க என்ன வேண்டும் என்று ஆராய்ந்து 1999-ல் அறிக்கை கொடுத்ததாம். சென்னை மாநாடு நடந்த அதே வருஷம். கம்ப்யூட்டரை இயக்கத் தெரிவது மட்டும் போதாது, அது சீக்கிரம் பழசாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. மூன்றும் சேர வேண்டும் என்கிறார்கள்: இன்றைய கருவிகளில் கைப்பழக்கம், அடியில் இருக்கும் கருத்துகள், சிக்கல் வந்தால் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் புத்தி. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து அம்சங்கள். கேட்டபோது எனக்கு அந்தப் பட்டர் பேப்பர்தான் கண்ணில் வந்தது. என்னிடம் முதலாவது ஏராளமாக இருந்தது. இரண்டாவதை அந்த சார் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது, நகல் எடுத்து வைத்துக்கொண்டு உடைத்து உடைத்துத்தான் வந்தது.

ஒரு தடவை அந்தக் கேள்வி மனசில் ஏறிவிட்டால் புதுச் சாமான்கள் அவ்வளவு புதுசாகத் தெரிவதில்லை. ஓய்வூதியர் சங்கம் ஒன்றுக்கு எக்செலில் வங்கிக் கணக்குப் பட்டியல் போட்டேன். 16 இலக்கக் கணக்கு எண்களில் கடைசி இலக்கம் எல்லாவற்றிலும் 0 ஆகி நின்றது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் கணக்கு எண் என்பது கூட்டிக் கழிக்கிற எண்ணா என்ன? அது இலக்கத்தில் எழுதின ஒரு பெயர். கட்டத்தை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு அடித்தால் பிரச்சினை முடிந்தது. போன் நம்பரின் முன்னால் இருக்கும் 0 காணாமல் போவதும் இதே கதைதான். 2020-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் ஏறாமல் போன செய்தியைப் படித்தபோதும் இதுதான் தோன்றியது. விவரம் ஏறியது எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில், அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. புதிய வடிவத்தில் 10,48,576 வரை போகும். அளவு நிறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

அதே சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தமிழ் அகர வரிசையில் கேட்டார்கள். எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற ஒரு நிரலில் போட்டால் ந-வுக்கு அடுத்து ன வந்து உட்கார்ந்துகொள்கிறது, ப-வுக்கு முன்னால். யூனிகோட் பட்டியலில் அவை அடுத்தடுத்த எண்கள். தமிழ் குறுஞ்செய்தி மட்டும் ஏன் இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்து காசு கூடுகிறது என்று ஒருவர் கேட்டார். ஆங்கிலம் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் ஒன்று கலந்தாலும் 70. அதுவும் புள்ளி தனி, துணைக்கால் தனி என்று எண்ணித்தான்.

தெருப் பெண்ணுக்கு வருகிறேன். கோர்ஸில் சேரு, கைப்பழக்கம் வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன் என்றேன். கூடவே ஒரு நோட்டுக் கொடுத்து, நடுவில் கோடு கிழித்துக் காட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் வா, அந்த வாரம் எது தகராறு பண்ணியதோ அதை மட்டும் பார்ப்போம் என்றேன்.

முதல் சனிக்கிழமை எதுவும் தகராறு பண்ணவில்லை என்று வெறும் நோட்டோடு வந்தாள். அன்றைக்கு ‘ஆசிரியர்’ கதையைச் சொல்லி, பேக்ஸ்பேஸ் தட்டவிட்டேன். கண் விரிந்தது. இரண்டாவது வாரம் வரவில்லை, பரீட்சை. மூன்றாவது வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

கல்லூரி விழாவுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை இணையப் படிவத்திலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, இறக்கியிருக்கிறாள். எக்செலில் திறந்தால் ஒரு பெயரும் தமிழாக இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி வட்டத்துக்குள் ஆர். கூட இருந்தவர்கள் ஃபைல் கெட்டுப்போச்சு, எல்லாருகிட்டயும் திரும்ப வாங்கணும் என்று சொல்லிவிட்டார்களாம். 340 பேர்.

“நான் நோட்பேட்ல தொறந்து பாத்தேன் அத்தை. அங்க தமிழாதான் இருக்கு. அப்ப உள்ள இருக்கிறது நல்லாத்தான் இருக்கு. எக்செல்தான் வேற ஏதோன்னு நெனச்சுப் படிக்குது.”

அவள் தானாகவே டேட்டா மெனுவுக்குள் போய், கோப்பை உள்ளே இழுக்கும்போது வந்த பட்டியலில் 65001 யூடிஎஃப்-8 என்பதை, அதாவது யூனிகோட் எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறையை, தேர்ந்தெடுத்திருக்கிறாள். 340 பெயரும் வந்துவிட்டன. நோட்டைக் காட்டினாள். இடது பக்கம் முழுக்க எழுதியிருந்தது. வலது பக்கம் முக்கால்வாசி எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வி: எல்லா எழுத்துக்கும் அந்த ஏ-வே ஏன் முதலில் வருகிறது?

யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சொல்ல வாயெடுத்தேன். “சொல்லாதீங்க அத்தை, அடுத்த வாரம் நானே கண்டுபிடிச்சுட்டு வரேன்” என்று நோட்டை மூடிக்கொண்டாள்.